பதினொரு வருடத்துத் தூசி

சகலைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்று மூன்றாம் கவுன்டர்க்காரர் மூன்று தடவை தண்ணீர் குடிக்கப் போனார். தண்ணீர்க் குழாய் நான்காம் கவுன்டரைத் தாண்டித்தான் இருக்கிறது.

அது பழைய ஆவணங்களுக்குச் சான்று நகல் கொடுக்கும் அலுவலகம். மொத்தம் ஐந்து கவுன்டர். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வீட்டில் வைத்த பெயர்கள் உண்டு என்று கேள்வி. அலுவலகத்தில் மூணு, நாலு என்று எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மூணும் நாலும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மாமனார் வீட்டில் மூணு கீழே, நாலு மாடியில். ஒருவரையொருவர் வாய் நிறைய 'சகலை' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். வயிறு நிறைய என்ன இருந்தது என்பதை இரண்டு பேரும் வெளியே சொன்னதில்லை.

அந்த மாதக் கடைசியில் முதல் கவுன்டர்க்காரர் ஓய்வு பெறவிருந்தார். முதல் கவுன்டர் என்றால் தனிக் கண்ணாடி அறை, கதவில் பித்தளைப் பலகை, கைப்பிடி வைத்த சுழல் நாற்காலி. யாரிடம் தேங்கிய மனுக்கள் குறைவோ அவருக்கு அந்த அறை. மூணு பதினொரு வருடமாக ஒரு கால் குட்டையான மர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அந்தக் காலுக்கு அடியில் வைத்த காகித மடிப்பை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவார். அவருக்கு அந்தச் சுழல் நாற்காலி கனவில் வந்து சுழன்று காட்டும்.

ஆனால் அவருடைய கம்ப்யூட்டருக்குப் பட்டனை அமுக்கியதிலிருந்து திரை தெளிய இருபத்திரண்டு நிமிடம் ஆகும். முதலில் விமானம் கிளம்புவதுபோல் ஒரு சத்தம் வரும். விமானம் கிளம்பாது. விவரம் தெரிந்த மனுதாரர்கள் கையில் மடக்கு நாற்காலியோடு வந்து, மூணின் முன்னால் விரித்து உட்கார்ந்து, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்திருப்பார்கள்.

கம்ப்யூட்டர்களின் நன்மை தீமைகளைக் கவனிக்க அங்கே 'சாதன நலக் குழு' என்று ஒன்று இருந்தது. அதன் சட்டம் எளிமையானது. செத்த கம்ப்யூட்டருக்கு மாற்று உண்டு. மெதுவான கம்ப்யூட்டருக்கு ஆய்வு உண்டு. நாலுடையது ஒரு திங்கட்கிழமை காலை செத்துப்போனது. குழு வந்து மூன்று சுற்று சுற்றிப் பார்த்தது. 'உயிர் பிரிந்தது' என்று எழுதியது. ஒரு நிமிடம் மௌனமாகவும் நின்றது. பிறகு புதுப்பெட்டி வந்துவிட்டது.

அன்று மூணு வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி கேட்டாள்.

"ஏங்க, மாடியில தங்கச்சி சொன்னா. அவருக்குப் புதுசு வந்திருக்காமே. மவுஸுக்கு வாலே இல்லையாம்."

"ஆமா."

"எப்படிக் குடுத்தாங்க?"

"அவரோடது செத்துப் போச்சு."

மனைவி சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "நல்லது நடந்தா அவருக்குத்தான் நடக்கும்."

மறுநாள் மூணு அலுவலகத்துக்கு எதிரே இருந்த பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். அதை நடத்துபவளைத் தெருவே ஸ்க்ரூ அக்கா என்று கூப்பிடும். கம்ப்யூட்டர்களின் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு, நடுவில் டீ குடிக்கிறவள். மூணு சரக்கு விலை விசாரிப்பவர்போலச் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"ஒரு கம்ப்யூட்டர் எப்படிம்மா சாகும்?"

"லேசுல சாகாது சார். செத்துடுச்சுன்னு சொல்லிடுவாங்க. எது செத்துச்சு?"

"பக்கத்து கவுன்டரோடது. சனிக்கிழமை நல்லா இருந்துச்சு. திங்கக்கிழமை பட்டன அமுக்கினா வெளிச்சமே இல்ல."

"பின்னாடி கரண்ட் வயர் சொருகுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன சுவிட்ச் இருக்குமே. ஒரு பக்கம் வட்டம், ஒரு பக்கம் கோடு. கோடு போட்ட பக்கம் அமுங்கி இருக்கணும். பெருக்கும்போது துடைப்பம் இடிச்சா வட்டம் அமுங்கிக்கும். அத யாராச்சும் பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. மூணு நேராக அலுவலகத்தின் பழைய சாமான் அறைக்குப் போய், உயிர் பிரிந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். வட்டம் அமுங்கியிருந்தது. கோடு போட்ட பக்கத்தை அமுக்கி, பிளக்கில் செருகிப் பட்டனைத் தட்டினார். பிரேதம் உற்சாகமாக எழுந்து உட்கார்ந்தது. மூணு அதை அவசரமாக மறுபடி சாகடித்துவிட்டு வெளியே வந்தார். துடைப்பம் பெருக்கியது பெருக்கியது, ஒரு கவுன்டர் தள்ளிப் பெருக்கியிருக்கக் கூடாதா என்பதுதான் அவர் கேள்வி.

அடுத்த நாள் காலை துடைப்பத்தின் வேலையை மூணு தன் ஆள்காட்டி விரலால் செய்தார். கம்ப்யூட்டர் செத்தது. குழுவுக்குச் சொல்லி அனுப்பினார்.

குழுவில் மூன்று பேர். தலைவர், கையில் டேப் வைத்திருக்கும் அளவு உறுப்பினர், பெட்டியில் காதை வைத்துக் கேட்கும் செவி உறுப்பினர். அளவு உறுப்பினர் நீளம், அகலம், உயரம் அளந்து, "குறையல சார்" என்றார். செவி உறுப்பினர் காதை எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உயிரோட இருக்கு."

"சார், ஆன் ஆகலையே."

"தம்பி, இந்த ஆபீசுக்கு வருஷத்துக்கு ஒரு மரணம்தான் ஒதுக்கீடு. அது நாலுக்குப் போயிடுச்சு. இப்ப இன்னொண்ணு செத்ததுன்னு நான் எழுதினா, இங்க ஏதோ கொள்ளைநோய் பரவுதுன்னு மேலிடம் நெனைக்கும். அதனால இது உயிரோடதான் இருக்கு."

"ஒரு தடவ திறந்து பாத்துடலாமே சார்."

தலைவர் சிரித்தார். விவரம் தெரியாத வாடிக்கையாளரைப் பார்த்துக் கடைக்காரர் சிரிக்கும் சிரிப்பு அது. "நான் இந்தக் குழுவுக்கு வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. ஒரு பெட்டியக்கூடத் திறந்ததில்ல. அதனாலதான் என் மேல ஒரு புகார் கிடையாது. திறந்தா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோகும். தெரிஞ்சுபோனா பொறுப்பு வந்துடும். இப்ப பாருங்க, எனக்கு எதுவுமே தெரியாது. எவ்வளவு நிம்மதியா இருக்கேன்."

"அப்ப நான் என்ன பண்றது சார்?"

"ஆன் ஆகாம இருக்குறதும் ஒரு வேகம்தான். ரொம்பக் கம்மியான வேகம். மந்தநிலைச் சான்று கேட்டு விண்ணப்பம் போடுங்க."

அவர்கள் போனபின் மூணு குனிந்து சுவிட்சைப் போட்டார். இருபத்திரண்டு நிமிடம் கழித்துத் திரை தெளிந்தது.

மந்தநிலைச் சான்று விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரிலேயே நிரப்பி அனுப்ப வேண்டும். ஐந்து பக்கம். பத்து நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் விண்ணப்பம் தானாக அழிந்துவிடும். மூணின் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறக்க நான்கு நிமிடம். ஒன்பது தடவை முயன்றார். ஒன்பது தடவையும் மூன்றாம் பக்கத்தில், 'நீங்கள் வேகமாகச் செயல்படவில்லை' என்று திரை அவரைக் கண்டித்தது. மெதுவாக இருப்பதை நிரூபிக்க வேகம் தேவை என்று குழு எதிர்பார்த்தது.

பத்தாவது தடவை அவர் எழுந்து நாலாம் கவுன்டருக்கு நடந்தார். பத்தடி தூரம். அவ்வளவு நீளமான பத்தடியை அவர் அதுவரை நடந்ததில்லை.

"சகலை, உங்க மெஷின்ல ஒரு விண்ணப்பம் போட்டுக்கலாமா?"

"இதுக்குப் போய் கேக்கணுமா? உக்காருங்க சகலை. மெதுவாத் தட்டுங்க, புதுசு. மவுஸ எங்கயாச்சும் வச்சுட்டு மறந்துடாதீங்க. வால் இல்ல பாருங்க, பிடிச்சு இழுக்க முடியாது."

மூணு உட்கார்ந்தார். விசைகள் சத்தமே போடாமல் சொன்ன பேச்சைக் கேட்டன. ஒரு பக்கம் முடித்தால் அடுத்த பக்கம் முந்திக்கொண்டு வந்து நின்றது. 'இந்தக் கம்ப்யூட்டர் மிக மெதுவாக இயங்குகிறது. உடனடி மாற்று தேவை' என்று அவர் அந்தப் புதுக் கம்ப்யூட்டரில் ஆறே நிமிடத்தில் எழுதி அனுப்பினார். அனுப்பிய பிறகும் எழுந்திருக்க மனம் வராமல் மவுஸைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்துக் குழு வந்தது. மூணு எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். குழு அவரைத் தாண்டி நாலாம் கவுன்டருக்குப் போனது.

"சார், விண்ணப்பம் போட்டது நான்."

"போட்டது யாருங்கிறது முக்கியமில்ல தம்பி. எந்த மெஷின்லேர்ந்து வந்துச்சோ அதுதான் நோயாளி. மனுஷன் பொய் சொல்லுவான். மெஷின் சொல்லாது."

செவி உறுப்பினர் புதுப்பெட்டியில் காதை வைத்தார். அவர் முகம் வாடியது. "சத்தமே இல்ல சார். ரொம்ப பலவீனமா இருக்கு." பிறகு தலையைத் திருப்பி, மூணின் மேசைக்கடியில் கர்ஜித்துக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். "அதக் கேளுங்க. என்ன ஆரோக்கியமாக் கத்துது."

நாலு தலையைக் குனிந்துகொண்டு, நோயாளியின் சொந்தக்காரர் முகத்தோடு நின்றார்.

அன்றே உத்தரவு வந்தது. நாலாம் கவுன்டருக்கு மாற்றுக் கம்ப்யூட்டர் கைவசம் வந்தவுடன் முன்னுரிமையில் வழங்கப்படும். அதுவரை ஆறுதலாக, கொசுறு போல, இரண்டாவது திரை ஒன்று. உடல் தேறுவதற்காக ஏழு பாதுகாப்பு மென்பொருள்கள். அந்த ஏழும் ஒன்றையொன்று சந்தேகித்துச் சோதித்துக்கொண்டதில் புதுக் கம்ப்யூட்டர் விழிக்க மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஆனால் அது மூணின் கண்ணில் படவில்லை. அவர் கண்ணில் பட்டது இரண்டு திரைகள்.

"ஆபீஸ்ல ரெண்டு டிவி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காராமே" என்றாள் மனைவி.

"டிவி இல்ல. ஸ்கிரீன்."

"எதுவா இருந்தா என்ன, ரெண்டு இருக்குல்ல."

மூணு தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். மாதம் முடியப் பதினைந்து நாள் இருந்தது. அவரிடம் தேங்கியவை அறுநூற்று நாற்பது மனு. நாலிடம் நூற்றுப் பத்து.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மூணு தன் பெட்டியைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். பெட்டியின் பின்புறம், 'முத்திரையை உடைப்பவர் பின்விளைவுக்குப் பொறுப்பு' என்று ஒட்டியிருந்தது.

"இத நான் உடைக்க மாட்டேன் சார். நீங்களே உடைங்க" என்றாள் ஸ்க்ரூ அக்கா.

மூணு நகத்தால் கிழித்தார். பதினொரு வருடத்தில் அவர் செய்த முதல் குற்றம் அது.

அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கம்பளி போர்த்தியதுபோல் தூசி. காற்றாடிக்கு இறக்கை இருப்பதே தெரியவில்லை.

"பாவம் சார் இது. போர்வைய மூடிக்கிட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும்? சூடு ஏறினா தானாவே ஓட்டத்த விட்டு நடைக்கு வந்துடும்." அவள் தெருவோரம் தூக்கிப்போய் ஊதுகுழாயால் ஊதினாள். எதிரே வந்த சைக்கிள்காரர் வழி தெரியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். பிறகு விரல் நீளப் பலகை ஒன்றை உருவி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தாள். "இது ரேம். கடைக்காரர் சரக்க விரிச்சுக் காட்டுற மேசைன்னு வச்சுக்கங்க. மேசை சின்னதா இருந்தா, ஒவ்வொரு துணிக்கும் குடோனுக்கு ஓடணும். இன்னொரு மேசை போட்டுடறேன். டிஸ்க் இருக்கே, அதுதான் குடோன். பழசு, உள்ள தட்டு சுத்திச் சுத்தித் தேடுது. இத எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டா சுத்துற வேலையே கிடையாது. உங்க ஃபைல் எல்லாம் அப்படியே மாத்திடறேன். ஒருத்தர் புது மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி இந்த மூணையும் பண்ணிப் பாக்கணும் சார். யாரும் பண்றதில்ல. பெட்டி பளபளன்னு இருந்தாத்தான் மனசு ஆறுது."

விலையைச் சொன்னாள். பழக்கடையில் வாழைப்பழத்தை எண்ணி முடித்த பிறகும் ஒன்று கூடக் கேட்கிறவர் மூணு. அன்று பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். பொறாமைக்குப் பேரம் பேசத் தெரியாது.

திங்கட்கிழமை பட்டனை அமுக்கினார். பன்னிரண்டு வினாடி. மூணு பயந்துபோய் அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் பன்னிரண்டு வினாடி. எதிரே நின்ற மனுதாரர், "சார், நான் இன்னும் நாற்காலியே விரிக்கலையே" என்று தடுமாறினார். கையில் நகலை வாங்கிக்கொண்டு, எதையோ இழந்தவர்போல மடக்கு நாற்காலியோடு வெளியே போனார்.

அன்று நாலு மூன்று தடவை கை கழுவப் போனார். கை கழுவும் இடம் மூன்றாம் கவுன்டரைத் தாண்டித்தான் இருக்கிறது.

"என்ன சகலை, உங்க மெஷின் கத்தலையே. உடம்புக்கு ஏதும்…?"

"கத்தறத விட்டுடுச்சு சகலை. வேலை பாக்கவே நேரம் சரியா இருக்கு அதுக்கு."

நாலு சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. மூணுக்குப் பதினொரு வருடத்தில் சாப்பிடாத விருந்து அது. பத்து நாளில் தேங்கிய மனுக்கள் தொண்ணூறாக இறங்கின. நாலிடம் எண்பத்தைந்து. இன்னும் மூன்றே நாள். மூணு மத்தியானச் சோற்றைக்கூட விசைகளின்மேல் சிந்தாமல் கவுன்டரிலேயே தின்றார்.

மறுநாள் காலை சாதன நலக் குழு திடீர்ச் சரிபார்ப்புக்கு வந்தது. தான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று நாலு பிற்பாடு, யாரும் கேட்காமலே, இரண்டு தடவை சொன்னார்.

தலைவர் பதிவேட்டைத் திறந்தார். "மூன்றாம் கவுன்டர். விழிக்கும் நேரம் இருபத்திரண்டு நிமிஷம். போடுங்க பாப்போம்."

பன்னிரண்டு வினாடி.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டியைத் தராசில் வைத்துப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். அளவு உறுப்பினர் முள்ளை இரண்டு தடவை பார்த்தார். "எழுநூறு கிராம் குறையுது சார்."

"எங்க போச்சு?"

"தூசி சார்" என்றார் மூணு. "தட்டிட்டோம். உள்ள பழைய டிஸ்க்கும் கனம்…"

"தூசியத் தட்டிட்டீங்களா? தம்பி, அது உங்க வீட்டுத் தூசியா? பதினொரு வருஷமா இந்த ஆபீஸ் பெட்டியில, இந்த ஆபீஸ் கரண்ட்டுல சேந்த தூசி. ஆபீஸ் சொத்து. அத எங்க வச்சிருக்கீங்க?"

"தெருவுல ஊதியாச்சு சார்."

தலைவர் அதையும் எழுதிக்கொண்டார். "எடை வேற. வேகம் வேற. சத்தமும் வேற. மேல நம்பர் மட்டும் ஒண்ணு. நம்பர யார் வேணும்னாலும் ஒட்டலாம். ஆக, இது அந்த மெஷின் இல்ல. அந்த மெஷின் காணாமப் போயிடுச்சு."

"சார், அதேதான் சார் இது. திறந்து பாருங்க, உள்ள எல்லாம் அதே…"

"திறக்கிறதா" என்று தலைவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பிறகு நாலைப் பார்த்தார். "பக்கத்துலயே இருக்குறவர் நீங்க. சொந்தக்காரர் வேற. நீங்க சொல்லுங்க. இது அந்த மெஷின்தானா?"

அறையில் ஒரு காற்றாடிச் சத்தம்கூட இல்லை. மூணு சகலையின் முகத்தையே பார்த்தார். நாலு திரையைப் பார்த்தார். அது விழித்துக்கொண்டு, பளிச்சென்று, அடுத்த வேலைக்குக் காத்திருந்தது.

"சார், நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் நாலு நிதானமாக. "பதினோரு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன். அந்த மெஷின் இவ்வளவு நல்லா இருந்து நான் பாத்ததே இல்ல."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எடை போட்டுப் பார்த்தாலும் குறையாது.

உரிமையாளர் இல்லாத அந்தக் கம்ப்யூட்டரைக் குழு கைப்பற்றியது. கைவசம் வந்த கம்ப்யூட்டரை யாருக்கு முன்னுரிமையில் வழங்க வேண்டும் என்று பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தது. அளவு உறுப்பினரே அதைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்து நாலின் மேசையில் வைத்தார். நாலிடமிருந்த புதுப்பெட்டி, மேலும் கவனித்து ஆராய்வதற்காக, வாலில்லாத மவுஸோடு தலைவர் அறைக்குப் போனது. காணாமல் போன கம்ப்யூட்டர் குறித்துப் புகார் அளிக்கும்படி மூணுக்கு உத்தரவு வந்தது. புகாரைக் காணாமல் போன கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்ப வேண்டும் என்பதால் அந்த விஷயம் அப்படியே நின்றது.

மூணு மூன்று நாள் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மனுக்களை ஒரு மூலையில் அடுக்கி வைத்தார். இரண்டாம் நாள் அடுக்கு அவரை மறைத்தது.

"போனா போகுது விடுங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் அவ்வளவு இரக்கம் இருந்ததில் அவருக்கு இன்னும் வலித்தது.

மாதக் கடைசியில் தேங்கிய மனுக்களைக் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு கவுன்டரின் கம்ப்யூட்டரைக் கேட்டால் அதுவே எண்ணிக்கையைச் சொல்லும். இரண்டு, நூற்று நாற்பது. நாலு, அறுபது. ஐந்து, இருநூறு. மூன்றாம் கவுன்டரில் கம்ப்யூட்டர் இல்லை. கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில் எதுவும் தேங்க முடியாது. தேங்கியது பூஜ்யம் என்று எழுதினார்கள்.

பாராட்டுக் கூட்டத்தில் தலைவர் பேசினார். "சாதனத்தையே நம்பாம, தேக்கமே இல்லாம வேலை பாக்க முடியும்னு மூணு நமக்கெல்லாம் காட்டியிருக்கார். என் மேசையிலும் இப்ப ஒரு புது மெஷின் இருக்கு. பெருமைக்குச் சொல்லல, இன்னும் அதுல நான் கை வச்சதில்ல." எல்லாரும் கை தட்டினார்கள். அடுக்குக்குப் பின்னாலிருந்து மூணும் தட்டினார்.

இப்படியாக மூணு முதல் கவுன்டருக்குப் போனார். கண்ணாடி அறை, பித்தளைப் பலகை, சுழல் நாற்காலி. முதல் கவுன்டர் மேற்பார்வைப் பதவி. மேற்பார்வைக்குக் கண் போதும் என்பதால் அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. முதல் நாள் அவர் நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினார். சுற்றி முடித்து நின்றபோது கண்ணாடிக்கு நேர் எதிரே நாலாம் கவுன்டர். நாலு பட்டனை அமுக்கினார். மூணின் உதடுகள் தாமாக எண்ணின. பன்னிரண்டு.

தன் நகத்தால் கிழித்த முத்திரை. தன் கைக்காசில் போட்ட ரேம். அதற்கு மேல் இரண்டு திரை வேறு. அவருக்கு நாற்காலி மறந்துபோனது.

பதினோரு மணிக்கு எழுந்து நாலாம் கவுன்டருக்கு வந்தார். நாலு நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வை மூணைத் தாண்டி, கண்ணாடிக்குப் பின்னால் ஆளில்லாமல் இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்த நாற்காலியின்மேல் போய் நின்றது.

"சகலை," என்றார் மூணு, "உங்க மெஷின்ல ஒரு விண்ணப்பம் போட்டுக்கலாமா? எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கேக்கணும்."

"தாராளமா" என்று நாலு எழுந்து இடம் விட்டார். "ஆனா எனக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வேணாம் சகலை. இந்தத் தடவ சுழல் நாற்காலி கேட்டு எழுதுங்க."